குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு சொட்டு ரத்தம்

"டாக்டருங்க, மேலுக்கு முடியலைங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்தி உடுங்க." ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் இதைக் கேட்கலாம். மஞ்சள் காட்டில் வேலை பார்த்துக் கிறங்கி வருபவரும் கேட்பார், பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வருபவரும் கேட்பார். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி தரும் தெம்புதான் அதிலும். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு ஊசி குத்தி அதை ஏற்ற வேண்டியதில்லை.

சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு அதே 25 கிராம்தான் உயிர். நாங்கள் அதிகம் பார்ப்பது இப்படி: சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடும் அப்பாரு, காய்ச்சலில் சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் விடவில்லை. விடிகாலையில் வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. சிலருக்கு ஒரு பக்கக் கைகால்கூட விழுந்துவிடும்; வீட்டில் பக்கவாதம் என்றே நினைப்பார்கள். அதனால் முதல் வேலை விரலில் ஒரு சொட்டு ரத்தம். குளுக்கோமீட்டரில் 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே என்றால் அவசரம். அளவு சரியாக இருந்தால் அது நிஜமான பக்கவாதமாக இருக்கலாம்; அப்போது சர்க்கரை ஏற்றினால் மூளைக்குத்தான் கெடுதல்.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. போனதும் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் திறந்து பேசுவார். "தெளிஞ்சுட்டாருங்க, கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள் வீட்டார். தயவுசெய்து போகாதீர்கள். ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும். மாத்திரையோ நாள் முழுக்க இன்சுலினைச் சுரக்க வைக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு அதற்கு மேலும். 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அப்புறம் மணிக்கு ஒரு தடவை, கூடவே 10 சதவீத டிரிப்ஸ், விழுங்க முடிந்ததும் சாப்பாடு. ஒரு நாளாவது கண்காணிப்பில் வைப்பதுதான் என் கொள்கை.

இளம் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும்: 25, 50 சதவீதக் கரைசல்கள் ரத்த நரம்பை (சிரையை) விட்டு வெளியே கசிந்தால் சதையே அழுகலாம். பெரிய நரம்பில் வென்ஃப்ளான் (ஊசிக்குழாய்) போட்டு, சலைன் (உப்புக் கரைசல்) தள்ளிப் பார்த்து, மெதுவாக ஏற்றுங்கள். வலி, வீக்கம் என்றால் உடனே நிறுத்துங்கள். 10 சதவீதத்தில் 250 மி.லி. கொடுத்தாலும் அதே 25 கிராம்தான், நரம்புக்கும் இதம். நான் அதையே விரும்புகிறேன். குழந்தைகளுக்கு 10 சதவீதம்தான், எடை பார்த்து. 5, 25 பாட்டில்களை ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

சேலம் – கொச்சி சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வருபவருக்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் வேண்டவே வேண்டாம். சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூளை வீக்கத்தைக் கூட்டும். ரத்தம் போனவருக்கும் அது ரத்தக்குழாயில் நிற்காது, என்எஸ் (நார்மல் சலைன்) அல்லது ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) போடுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனில் ரத்தமும் ஏற்றக் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) சேர்த்துக் கொடுங்கள், ஆனால் அதற்காகச் சர்க்கரையைத் தாமதிக்காதீர்கள்.

வீட்டில் யாராவது நினைவில்லாமல் கிடந்தால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையை மறக்காமல் கையில் கொண்டு வாருங்கள்.