பாண்டியில் சரக்கு மலிவு, சிகரெட் ஏன் மலிவில்லை?

கடலூரிலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டிப் பாண்டிக்குள் போனால் சரக்கு மலிவு, பெட்ரோல் மலிவு, சிகரெட் மட்டும் ஏன் அதே விலை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாராயமும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன, அந்தந்த அரசு வைத்ததுதான் வரி. சிகரெட் 2017 ஜூலையிலேயே உள்ளே போய்விட்டதால் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பாண்டியிலும் ஒரே வரி. அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் கடைசியில் "விலையை ஏத்துனா எவன் சார் விடுறான்?" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பதில் மூளைக்குள் இருக்கிறது.

புகையை இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய், நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக நம் உடம்பு வைத்திருக்கும் இருக்கைகளில், அதாவது ஏற்பிகளில், உட்கார்ந்துகொள்கிறது. டோபமைன் சுரக்கிறது, சுகமாக இருக்கிறது. இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். எனக்குப் பிடித்த கூத்து அதற்கப்புறம்தான் நடக்கிறது.

அசிட்டைல்கோலின் வந்த வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடனே சிதைத்துவிடும். நிகோடினை அந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. எழுந்து போகாத விருந்தாளி அது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். ஓயாமல் தூண்டப்பட்ட ஏற்பிகள் மரத்துப்போகின்றன, மூளையும் சமாளிக்க ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ராத்திரி தூங்கும்போது நிகோடின் வடிந்து, மரத்துக் கிடந்தவை ஒவ்வொன்றாக உணர்வு பெற்று, விடியும்போது பழையது புதியது எல்லாமே காலியாகக் காத்துக்கொண்டிருக்கும். காலையில் வரும் எரிச்சலுக்கும், டீயோடு பிடிக்கும் முதல் சிகரெட்டின் ருசிக்கும் காரணம் இதுதான். "ஒண்ணு இழுத்தா டென்ஷன் போயிடும்" என்பதும் பொய்யில்லை, ஆனால் அந்த டென்ஷனில் பெரும்பங்கு முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போனது. 2006இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்ததில், ஓரிரு இழுப்பிலேயே முக்கியமான ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுவது தெரிந்தது.

இப்போது விலைக்கு வருவோம். என் சித்தப்பா விலை ஏறியதும் நாளுக்குப் பத்து சிகரெட்டை ஆறாகக் குறைத்தார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கவனித்தால் தெரியும்: முன்பு பாதியில் நசுக்கிப் போட்டவர் இப்போது விரல் சுடும்வரை ஆழமாக இழுக்கிறார். ஏற்பிகள் கணக்குப் பார்ப்பது சிகரெட்டை அல்ல, நிகோடினை. கல்லூரிப் பையனுக்கு அவ்வளவு ஏற்பிகள் பெருகியிருக்காது, பையில் காசும் கம்மி, அதனால் விலை அவனைத்தான் முதலில் தடுக்கும். நம்மைப் போன்ற நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது, இளைஞர்களிடம் இன்னும் கூடுதலாக.

அப்படியானால் ஏன் இன்னும் வேகமாகக் குறையவில்லை? திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது பெட்டிக்கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நுனியில் கங்கோடு தொங்கிய கயிறு போய் நூலில் கட்டிய லைட்டர் வந்துவிட்டது, ஆனால் வியாபாரம் இன்னும் ஒற்றை ஒற்றையாகத்தான். பெட்டியில் பெரிதாகத் தெரியும் விலையேற்றம் ஒற்றையில் ஒன்றிரண்டு ரூபாயாகிவிடும். அட்டையில் 85 சதவீதத்தை மறைக்கும் எச்சரிக்கைப் படமும், விட நினைப்பவர்களுக்கான 1800-11-2356 என்ற இலவச எண்ணும் கடைக்காரர் கையோடு நின்றுவிடும்.

மனப்போக்கு மாறியிருப்பதும் உண்மைதான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை. இன்று பஸ்ஸில் ஒருவர் பற்றவைத்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நாட்டில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009-10இல் 34.6 சதவீதம், 2016-17இல் 28.6. வரியை ஏற்றினால் புகைப்பவர்கள் கொதிப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஜோனாதன் குரூபர், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2005இல் அமெரிக்க, கனடா தரவுகளை அலசியபோது, வரி ஏறிய இடங்களில் புகைக்கும் வாய்ப்புள்ளவர்களின் மகிழ்ச்சி கூடியிருந்தது. விட ஆசை இருந்தும் முடியாதவருக்கு வரி ஒரு கைத்தடி.

என் ஆத்திரம் பீடி விஷயத்தில்தான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீத வரிக்கு ஏற்ற முடிவெடுத்துவிட்டு, பீடியை 28இலிருந்து 18க்கு இறக்கியது. சுற்றும் பெண்களின் பிழைப்பு என்கிறார்கள், சரி, அதற்குக் கூலியை அல்லவா உயர்த்த வேண்டும்! பீடி இலை லேசில் எரியாது, அணையாமல் இருக்க விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிகோடினும் குறைச்சலில்லை. போன பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா சட்டைப்பையில் ஒரு கட்டு பீடி இருந்தது.