பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன்: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு

பி.எட். படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியாக வேண்டும். முதலாண்டின் 4 வாரத்தையும் சேர்த்தால் மொத்தம் 20 வாரம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி இது. அந்தப் பயிற்சிக்கான தகுதியில் பெரும்பகுதி, கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பயிற்சி மாணவர்களிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் ஆசிரியராக இதை எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. 44.8 எடுத்தவருக்கு 45 என்று கூட்டிப் போட மாட்டார்கள். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது. வணிகவியல், பொருளியல் படித்தவர்களுக்கு இளநிலை போதாது, எம்.காம்., எம்.ஏ. முடித்திருக்க வேண்டும்.

டிகிரியில் எந்தப் பாடமோ அதையொட்டித்தான் பள்ளியில் வகுப்பு கிடைக்கும். வேதியியல் படித்தவர் அறிவியல் எடுக்கலாம். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதற்காக ஆங்கில வகுப்பு கேட்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆசைப்படுபவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்குத் தொடக்கக் கல்வி டிப்ளமோதான் வழி. ராணிப்பேட்டையில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

அடுத்தது வருகைப்பதிவு. கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். 16 வாரத்துக்கு 80 வேலைநாள் என்று வைத்தால் 72 நாள் வந்தாக வேண்டும். காய்ச்சல், வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா எல்லாம் மீதி 8 நாளுக்குள் அடங்க வேண்டும். "கல்லூரிக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சீட் தருவதாகச் சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி வருபவர் நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது.

பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தல் நடக்கும். சக மாணவர்கள் முன்னால் ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு திறனை, உதாரணமாகக் கிளர்வினா (பிள்ளையின் பதிலைத் தொடர்ந்து மேலும் யோசிக்கவைக்கும் கேள்வி) கேட்பதை, செய்துகாட்ட வேண்டும். குறை சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். இதை ஒப்புக்குச் செய்தவர்கள் என் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே கத்தும், யாருக்கும் புரிந்திருக்காது.

அரசுப் பள்ளியில் பயிற்சிக்கு அந்தந்த மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். கல்லூரி வழியாகத்தான் கேட்பார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது நினைவிருக்கட்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் வேலூர். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். ஆற்காடு, மேல்விஷாரம் என்றால் ராணிப்பேட்டை. வேலூரில் படித்துக்கொண்டு வீட்டுப் பக்கத்தில் ஆம்பூரில் பயிற்சி எடுக்க நினைத்தால், அதைக் கல்லூரியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளியின் பயிற்று மொழியையும் விசாரியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது வழிப் பள்ளிகள் உண்டு.

முதல் வாரம் பெரும்பாலும் உற்றுநோக்கல்தான். வழிகாட்டி ஆசிரியர் நடத்துவதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடக்குறிப்பு. முதல் மணி அடிக்கும் முன் அதில் வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய பாடக்குறிப்பைப் பார்த்துக் காப்பி அடித்தால் தெரிந்துவிடும். பாடநூல் மாறியிருக்கும், பக்க எண் மாறாமல் இருக்கும்.

பயிற்சி முடியும் நாளில் தலைமையாசிரியரின் வருகைச் சான்றை வாங்கி, தேதி, கையெழுத்து, பள்ளி முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை இல்லாத சான்றோடு கல்லூரிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் பள்ளியில் அரையாண்டு விடுமுறை விட்டிருந்தால் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.