திருப்பியோட்டல்: 'பின்கழுவல்' ஏன் பொருந்தாது?

வாயு வண்ணப்பிரிகைக்கான (கலவையை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழல் வழியே வாயுவால் தள்ளி, அதிலுள்ள சேர்மங்களைப் பிரித்தறியும் முறைக்கான) செய்முறைக் குறிப்பு ஒன்றைத் தமிழில் படித்த மாணவர், 'ஆய்வு முடிந்ததும் குழலைப் பின்கழுவல் செய்க' என்ற வரியைக் காட்டி, எந்தக் கரைப்பானால் கழுவ வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. 'பேக்ஃபிளஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அப்படி எழுதி வைத்தவர் மீதுதான் பிழை.

'பேக்' என்றால் பின்புறமாக. 'ஃபிளஷ்' என்பது பறவை சட்டென்று எழும்பிப் பறப்பதைக் குறித்து, பிறகு நீர் விசையோடு பாய்வதற்கும் ஆகிவந்த ஆங்கில வினை.

கழிப்பறைத் தொட்டியில் அச்சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே கழுவலுக்குத் தாவிவிடுகிறார்கள். இங்கே நீரும் இல்லை, கரைப்பானும் இல்லை. நமக்கு வேண்டிய சேர்மங்கள் குழலின் முடிவில் உள்ள உணர்கருவியை அடைந்ததும், நுழைவாயில் அழுத்தத்தைக் குறைத்து மறுமுனையில் கூட்டுகிறோம். சேர்மங்களைச் சுமந்து செல்லும் ஹீலியம் வாயு திசை மாறி, குழலின் தொடக்கத்திலேயே தங்கிவிட்ட கனமான எண்ணெய்ப் பொருள்களை வந்த வழியே வெளியே தள்ளுகிறது. இதில் கழுவுவது எங்கே இருக்கிறது? மேலும், உட்பூச்சு சுவரோடு பிணைக்கப்பட்ட குழல்களைக் கரைப்பானால் உண்மையாகவே கழுவும் வேலை ஒன்று தனியாக உண்டு. பூச்சு பிணைக்கப்படாத குழலில் அதைச் செய்தால் பூச்சே கரைந்து போகலாம். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைப்பது ஆய்வகத்தில் கேடு விளைவிக்கும். குழலைத் திருப்பி ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்கு எந்திர மொழிபெயர்ப்பு தரும் 'நெடுவரிசை பின் பறிப்பு நேரம்' இன்னும் மோசம். நெடுவரிசை அட்டவணைக்கு உரியது, பறிப்பது பூவுக்கு உரியது. அதைச் சரிபாராமல் அப்படியே ஒட்டுகிறவர்கள் அந்தக் கருவியின் அருகில் ஒருநாளாவது நின்று பார்க்க வேண்டும்.

'எதிரோட்டம்' என்பாரும் உண்டு. அது இரண்டு ஓட்டங்கள் ஒரே வேளையில் எதிரெதிராகச் செல்வதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. இங்கே இருப்பது ஒரே ஓட்டம், அதை நாம் திருப்புகிறோம். ஆகவே 'திருப்பியோட்டல்' என்கிறேன். வண்டியைத் திருப்பி ஓட்டுவதை அறிந்த எவருக்கும் இது விளங்கும். ஓட்டுபவர் ஒருவர் உண்டு என்பதை 'ஓட்டம்' சொல்லாது, 'ஓட்டல்' சொல்லும்.

நேரத்தை மதிப்பிடும்போதும் இச்சொல் கைகொடுக்கிறது. கழுவல் என்றால் 'சுத்தமாகும் வரை' என்றே மனம் போகும். ஓட்டல் என்றால், வாயு குழலை ஒருமுறை கடக்க எவ்வளவு நேரம், எத்தனை முறை கடக்க வேண்டும் என்ற கேள்விகள் தாமே எழும். 30 மீட்டர் குழலில், திருப்பிய பிறகு வாயுவின் சராசரி வேகம் விநாடிக்கு 60 செ.மீ. என்றால், ஒருமுறை கடக்க 50 விநாடி. வழக்கமாக 5 முதல் 10 முறை என்று கொள்வதால், 250 முதல் 500 விநாடி வரை தொடக்க மதிப்பு கிடைக்கிறது. குழல் இருக்கும் அடுப்பின் வெப்பநிலை உயர உயர வாயுவின் பிசுக்குமை (பாய்வதற்கு எதிரான தடை) கூடி வேகம் மாறும் என்பதால், திருப்பியோட்டும்போது நிலவும் வெப்பநிலையிலும் அழுத்தத்திலுமே அந்த 50 விநாடியைக் கணக்கிட வேண்டும். பிறகு மாதிரி எதையும் செலுத்தாமல் ஒருமுறை இயக்கிப் பார்த்து, உணர்கருவி வரையும் அடிக்கோடு தட்டையாக வந்தால் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். அதில் முகடு எழுந்தால், குழலில் இன்னும் பொருள் மிஞ்சியிருக்கிறது, நேரத்தைக் கூட்ட வேண்டும்.