கடுகளவு கறுப்புக் குருணைகள்

தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு டெரப்தாலிக் அமிலம்தான், பார்க்க வெள்ளை மாவு மாதிரி இருக்கும். ஹசிரா, பானிபட், ஹல்தியா ஆலைகளில் இதைப் பாராசைலீன் என்கிற பெட்ரோலியத் திரவத்திலிருந்து எடுத்து, வெந்நீரில் கரைத்து மறுபடி படியவைத்துச் சுத்தப்படுத்துகிறார்கள். அந்த நீர்தான் அசிட்டிக், பென்சாயிக், பாராடொலூயிக் என்று நாலைந்து அமிலங்களோடு கழிவாக வருகிறது. வீட்டுச் சாக்கடையின் சிஓடி (அழுக்கு முழுவதையும் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் போல என்றால், இதில் 5,000, 10,000 என்று போகும். ஆற்றில் விட இந்தியாவில் உச்சவரம்பு 250.

முதல் வேலை எளிது. டெரப்தாலிக் அமிலம் ஆறிய நீரில் அநேகமாகக் கரையாது, அதனால் கழிவுநீரை ஆறவிட்டுப் புளிப்பாகவே வைத்திருந்தால் மாவு அடியில் தங்கிவிடும். மிச்ச நீரில் காஸ்டிக் சோடா சேர்த்து அடுத்த தொட்டிக்கு அனுப்புவார்கள்.

இந்தத் தொட்டிதான் எனக்கு ஆச்சரியம். பல ஆலைகளில் இருப்பது, 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் காட்சே லெட்டிங்காவின் குழு உருவாக்கிய முறை. காற்றே படாமல், அடியிலிருந்து நீரை மெல்ல மேலே ஏற்றுவார்கள், உள்ளே கறுப்பாகச் சேற்றுப் படுகை. கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் அது சேறே இல்லை, கடுகும் கேழ்வரகும் போல உருண்டை உருண்டையான குருணை. ஒவ்வொன்றும் நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிக்கொண்ட வீடு.

வீட்டுக்குள் ஒரு கூட்டம் டெரப்தாலிக் அமிலத்தை உடைத்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் ஆக்கும். ஆனால் ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் அந்த வினையில் அதற்கு ஆற்றலே மிஞ்சாது, பட்டினிதான். ஒட்டியே இருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று தீர்ப்பதால்தான் அது பிழைக்கிறது, தனித்தனியாக மிதந்தால் இந்த நெருக்கம் கிடைக்காது, நீரோடு அடித்தும் போய்விடும்.

இவை மிக மெதுவாக வளர்பவை. புதுத் தொட்டி முழு வேகத்துக்கு வர மாதக்கணக்காகும், பாராடொலூயிக் அமிலம் கடைசிவரை அடம்பிடிக்கும். அவசரப்பட்டுச் சுமையைக் கூட்டினால் அமிலம் தேங்கி மீத்தேன் கூட்டம் படுத்துவிடும், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. சரியாக நடந்தால் ஒரு கிலோ சிஓடி தீரும்போது சுமார் 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும், பாய்லரில் எரிக்கலாம். மிச்ச அழுக்கைக் காற்றடிக்கும் தொட்டி முடித்துவைக்கும்.

நன்றாக ஓடும் தொட்டியில் குருணை பெருகி மிஞ்சும். அதை டேங்கர் லாரியில் ஏற்றி, பாலுக்கு உறைமோர் விடுவதுபோல, இன்னொரு ஆலையின் புதுத் தொட்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.