கிரானைட் மேல் தட்டடவு வேண்டாம்

பரதநாட்டியக் கோடை வகுப்பு முடிந்து பள்ளி திறந்தவுடன், காலைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் வரிசை இந்த ஆண்டும் குறையவில்லை. 10 முதல் 15 வயதுக்குள் இருப்பார்கள். சலங்கை பூஜையோ அரங்கேற்றமோ நெருங்கியிருக்கும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உட்புற ஓரமாக வலி. இல்லையென்றால் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் வலி. எந்தத் தரையில் ஆடுகிறாய் என்று கேட்டால் பதில் கிரானைட், தவறினால் டைல்ஸ்.

கிருஷ்ணகிரியில் இதில் வியப்பில்லை. குவாரியும் பாலிஷ் பட்டறையும் சுற்றியுள்ள ஊர். வீட்டு ஹால், கல்யாண மண்டபம், வாடகைக்கு எடுத்த மாடி அறை என்று வகுப்பு நடக்கும் இடமெல்லாம் கல்தான். வீட்டுக்கு அது நல்ல தரை. வெறுங்காலால் ஆயிரம் முறை ஓங்கித் தட்டுவதற்கு அது தரையே அல்ல.

"கல்லில் தட்டினால்தான் கால் உரமேறும்." பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். சுமையைத் தாங்கித்தான் எலும்பு வலுவாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வலு தட்டும் நேரத்தில் வருவதில்லை, ஓய்வு நாட்களில் வருகிறது. அடி தொடர்ந்து விழும் இடத்தில் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதியதைக் கட்டுகிறது. கரைக்க சில வாரம் போதும், கட்டி இறுக மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போதும் அதே கல்லில், அதே வேகத்தில், தினமும் இரண்டு வேளை தட்டினால் நுண்விரிசல் விழும். கல் எலும்புக்கு எதையும் கொடுக்கவில்லை. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளக் கிடைத்த அவகாசத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கால் காய்த்துப் போனதைக் காட்டி, "பாருங்க, கால் பழகிடுச்சு" என்கிறார்கள். காய்த்தது தோல். உள்ளே இருக்கும் எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து வருவது கோயில். "அந்தக் காலத்துல கல் மண்டபத்துல ஆடலையா?" ஆடினார்கள். நிகழ்ச்சி நாளில் ஆடுவது வேறு, வாரம் முழுக்க அதே அடவை, அதாவது அதே அடிப்படை அசைவை, திரும்பத் திரும்பப் பயில்வது வேறு. வலி வந்து பாதியில் நின்றுபோனவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. பழமையைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்றால் நம் பக்கத்துப் பாரதக் கூத்தைப் பாருங்கள். விடிய விடிய சலங்கை கட்டி ஆடுகிறவர்கள் மண் களத்தில் ஆடுகிறார்கள். ஆடுவதற்குக் கல் பாவிக் கொடு என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

பரதத்துக்குத் தரை இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் அரைமண்டி. முழங்கால் முன்பே மடங்கி நிற்கிறது, பாதம் முழுவதும் தட்டையாக விழுகிறது, ஷூ கிடையாது. குதித்து இறங்கும்போது விரல், குதிகால், முழங்கால் என்று அதிர்வு படிப்படியாகப் பிரியும். பாதத்தைத் தூக்கித் தட்டையாகத் தட்டும் தட்டடவில் அந்த வசதி குறைவு. முதல் தட்டடவை ஆதி தாளத்தில் ஒவ்வொரு காலத்துக்கும், அதாவது ஒவ்வொரு வேகத்துக்கும், ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) செய்தால் 8, 16, 32 என்று 56 தட்டு. ஐந்து முறை திருப்பினால் 280. ஒரே ஒரு அடவுக்கு.

ஃபோம் பாய் விரித்துவிட்டோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்பல்லாகக் கோத்து விரிக்கும் அந்தப் பாயில் குதிகால் அமுங்கும், கணுக்கால் ஆடும், திரும்பும்போது பாதம் மாட்டிக்கொண்டு முழங்கால் முறுக்கும். கான்கிரீட் மேல் நேராக ஒட்டிய, மரம் போலத் தெரியும் வினைல் ஷீட்டும் அப்படித்தான்: பார்வைக்கு மரம், காலுக்குக் கான்கிரீட். ஒரு தரை எவ்வளவு அதிர்வை வாங்கிக்கொள்கிறது என்பதைக் கான்கிரீட்டைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறார்கள். உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கான ஐரோப்பிய விதி இஎன் 14904 கேட்பது 25 முதல் 75 சதவீதம். ஜெர்மனியின் டிஐஎன் 18032 குறைந்தது 53 சதவீதம் கேட்கிறது. இரண்டு மில்லிமீட்டர் ஷீட் எந்தக் கணக்கிலும் வராது. மேலே தெரிவது என்ன என்று கேட்காதீர்கள், அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அடியில் இருக்க வேண்டியது இதுதான். 16க்கு 20 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். முதலில் தரை மட்டம்: 10 அடி நீள அலுமினியப் பட்டையை வைத்துப் பார்த்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது. தெரிந்தால் பள்ளத்தை நிரப்புங்கள். கரையான் மருந்து அடித்து, ஈரம் ஏறாமல் கனமான பாலித்தீன் ஷீட் விரிக்க வேண்டும். புதுக் கான்கிரீட் என்றால் நன்றாகக் காயும் வரை பொறுங்கள். அதன்மேல் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் கட்டைகள்: 2 அங்குலச் சதுரம், முக்கால் அங்குல உயரம், அடிக்கு ஒன்று. 320 சதுர அடிக்கு 320, பலகை விளிம்புகளுக்கும் சேர்த்தால் சுமார் 400. கட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்கி உடனே எழ வேண்டும். மெத்தை ஸ்பாஞ்சும் தெர்மாகோலும் ஆகாது. சில மாதத்தில் நசுங்கி அங்கங்கே பள்ளமாகிவிடும்.

கட்டைகளின் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. 8க்கு 4 பலகையில் அடுக்குக்கு 10, மொத்தம் 20. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். மேலடுக்கைக் கீழடுக்குக்குக் குறுக்காகப் போட வேண்டும், இணைப்பு மேல் இணைப்பு வரக்கூடாது. 20 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும். அதைவிட நீளமானால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரைச் சுற்றி 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மறைக்கும் ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் மட்டும் அடியுங்கள். மொத்த உயரம் சுமார் ஒன்றே முக்கால் அங்குலம் வரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும்.

நல்ல தரை பாழாவது பெரும்பாலும் கடைசி நாளில்தான். தச்சர் மேலே ஏறி நின்று பார்ப்பார். "லேசா ஆடுதுங்க, நாலு பக்கமும் பிளக் அடிச்சு இழுத்துடறேன்" என்பார். விடாதீர்கள். கான்கிரீட்டோடு சேர்த்து ஸ்க்ரூ போட்ட அந்த நொடியில் செலவழித்த பணம் போயிற்று. இன்னொரு தவறு, கான்கிரீட் மேல் நேராக ரீப்பர் (மரச்சட்டம்) அடித்துப் பலகை போடுவது. ரீப்பர் மேல் விழும் கால் கல்லைத் தட்டும், நடுவில் விழும் கால் துள்ளும். ஒரே தரையில் இப்படி மாறி மாறிக் கிடைப்பது காலுக்கு மிகவும் கெடுதல், ஏனென்றால் தசை எதற்குத் தயாராவது என்று தெரியாமல் தடுமாறும்.

மேல்பூச்சு பளபளப்பில்லாத மேட் பியூ (பாலியூரித்தேன்), மூன்று கோட். பூசாமல் விட்டால் சிலாம்பு ஏறும், பளபளவென்று பூசினால் வியர்வையில் வழுக்கும். மெழுகு, எண்ணெய், ஃபினாயில், வழுக்கக்கூடாதென்று தூவும் டால்கம் பவுடர், எதுவும் வேண்டாம். நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். வகுப்பு முடிந்ததும் உதிர்ந்த சலங்கை மணிகளைப் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

செலவைக் கேட்டதும் முகம் மாறும். சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி, சவுண்ட் சிஸ்டம் எல்லாம் வாங்கிவிட்டுத் தரைக்கு மட்டும் பணமில்லை என்பதை ஏற்க முடியவில்லை. கண்ணாடி அடுத்த ஆண்டு வரட்டும். உண்மையிலேயே முடியாதவர்கள் இரண்டு பலகை அளவுக்காவது இதே முறையில் ஒரு மேடை செய்து, மூன்றாம் காலத்தையும் குதித்துமெட்டு அடவையும் அதன்மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல் தரையில் அடவைக் கையால் போட்டுக் காட்டலாம், அபிநயம் சொல்லித் தரலாம், ஜதியை வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைக்கலாம். ஓங்கித் தட்டுவதை ஒன்றுவிட்ட நாளாக்குங்கள்.

மேடை நிகழ்ச்சிகளில் ஆபத்து வேறு மாதிரி. மாங்கனிக் கண்காட்சி போன்ற இடங்களில் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பரப்பி, மேலே கார்பெட் விரித்திருப்பார்கள். பலகைகளுக்கு நடுவே சந்து இருந்தாலும் கார்பெட் மறைத்துவிடும். பிள்ளை ஏறுவதற்கு முன் ஆசிரியர் வெறுங்காலோடு மேடை முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். சந்து உள்ள இடத்தில் டேப் ஒட்டி, அங்கே கால் வைக்காதே என்று காட்டிவிடுங்கள்.

வலியைப் பற்றி. எலும்பின் ஓரமாகப் பரவலாக வலித்தால் பொதுவாக ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகும். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், அன்றோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பெரிய பெண்களுக்கு மாதவிலக்கு சீராக இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், எலும்புக்கு அதில் பங்கு உண்டு. நம் மாவட்டங்களில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: குடிப்பது குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளூரைடு அதிகம். மூட்டு இறுக்கமும் பல்லில் பழுப்புக் கறையும் சேர்ந்து தெரிந்தால் தரையை மட்டும் குறை சொல்லி நிறுத்தக்கூடாது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்ததும் மறுநாளே வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஒரே புள்ளியில் வலி இருக்கும் வரை எக்ஸ்ரேயை நம்பி ஆடவிடாதீர்கள். விரிசல் உறுதியானால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் தட்டக்கூடாது. அரங்கேற்றத் தேதி குறித்தாயிற்று, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றாலும், தேதியை மாற்றுங்கள்.