கையில் விசா இருக்கிறது, ரிட்டர்ன் டிக்கெட்டும் வேண்டுமா?

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் என் சித்தி மகன் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். விசா வந்தாச்சு, அரைவல் கார்டு நிரப்பியாச்சு, முறுக்கு டின்னும் வடகமும் பெட்டிக்குள் போயாச்சு. போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருந்தான். அங்கே பத்து நாள் இருந்துவிட்டு ஜொகூர் வழியாக பஸ்ஸில் கோலாலம்பூர் போய், நண்பனைப் பார்த்துவிட்டு, தோதான ஒரு தேதியில் ஊர் திரும்பலாம் என்று நினைத்திருந்தான். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விசாவைப் பார்த்தார், "ரிட்டர்ன் டிக்கெட் சார்?" என்றார். இல்லை என்றதும் பெட்டியை இறக்கி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார்.

கவுண்டர் மூட முக்கால் மணி நேரம்தான் இருந்தது. எனக்கு ஃபோன் செய்தபோது அவனுக்குப் பேச்சே வரவில்லை. அவன் கணக்கில் பணம் போதவில்லை, என் கார்டில் போட்டால் ஓடிபி வரவில்லை, கடைசியில் சித்தப்பா கார்டில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். போர்டிங் பாஸ் அவன் கைக்கு வந்தபோது ஆறே நிமிஷம் மிச்சம். முந்தின வாரம் 7,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருந்த டிக்கெட்டுக்கு 16,000 ரூபாய் போனது, கோலாலம்பூர் போகும் திட்டமும் அத்தோடு போச்சு.

விமானம் ஏறும் முன் அவன் கேட்டது இதுதான்: "விசாதான் கொடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு டிக்கெட் கேக்குறாங்க?" நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விசா என்பது அந்த நாட்டு வாசல் வரை வரலாம் என்கிற அனுமதிதான். உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்பதை அங்கே இமிகிரேஷனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: விசா இருப்பதாலேயே உள்ளே விட்டாக வேண்டும் என்று கிடையாது, குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், செலவுக்குப் போதுமான பணம், தேவைப்படும் இடத்தில் உறுதி செய்யப்பட்ட திரும்பும் டிக்கெட் அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட் இவையெல்லாம் இருக்க வேண்டும். ஆக, டிக்கெட் கேள்வி விசா கொடுக்கும் தூதரகத்தோடு முடிவதில்லை. தூதரகம் கேட்காமல் விட்டதை விமான நிறுவனம் கேட்கும், அது கேட்காமல் விட்டதை அங்கே இறங்கியதும் அதிகாரி கேட்கலாம்.

இதில் விமான நிறுவனம் ஏன் மூக்கை நுழைக்கிறது என்று பலருக்குக் கோபம் வருகிறது. நாம் அங்கே இறங்கி, உள்ளே விட மாட்டோம் என்று திருப்பி அனுப்பினால், நம்மைத் திரும்பக் கூட்டி வரும் பொறுப்பு கொண்டுபோன நிறுவனத்தின் தலையில்தான் விழும். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் 9ஆவது இணைப்பில் இதற்கான விதிகள் இருக்கின்றன. சரியான ஆவணம் இல்லாத ஆளை ஏற்றி வந்தால் பல நாடுகள் நிறுவனத்துக்கு அபராதமும் போடுகின்றன. அதனால் கவுண்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்குக் கேட்பதில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் டிமாட்டிக் என்று ஒன்று ஓடுகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் தகவல் தளம் அது. நம் பாஸ்போர்ட் எந்த நாடு, எங்கே போகிறோம், எதற்கு, எத்தனை நாள் என்று போட்டால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அது சொல்லும். அதில் திரும்பும் டிக்கெட் வேண்டும் என்று இருந்தால் அவர் கேட்டே தீர வேண்டும். அவரிடம் சண்டை போட்டு ஒரு பயனும் இல்லை. சில விமான நிறுவனங்களின் இணையதளத்திலேயே இந்தத் தகவலைப் பார்க்கலாம், டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த நாட்டுக்கு வேண்டும், எந்த நாட்டுக்கு வேண்டாம்? விசா எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதோ, டிக்கெட்டை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். விண்ணப்பம், நேர்காணல் என்று எதுவும் இல்லாமல் உள்ளே விடும் நாடு, நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு வேறு எதைப் பார்க்கும்? மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை விடுகிறது, ஆனால் திரும்பும் டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இலங்கைக்கு ஆன்லைனில் பயண அனுமதி வாங்கிப் போனாலும் அதே நிபந்தனைதான். இந்தோனேசியாவில் போய் இறங்கி விசா எடுப்பவர்களுக்கும் திரும்பும் டிக்கெட்டோ அடுத்த நாட்டுக்கான டிக்கெட்டோ வேண்டும். தாய்லாந்து இந்தியர்களுக்கான விசா விதிகளை அடிக்கடி மாற்றுகிறது, ஆனால் டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேறு மாதிரி. அங்கே விண்ணப்பத்தோடேயே போக வர புக்கிங்கைக் கேட்பார்கள், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். கவனியுங்கள், அவர்கள் கேட்பது முன்பதிவு, முழுப் பணம் கட்டிய டிக்கெட் அல்ல. விசா வருமா என்று தெரியும் முன்னால் லட்ச ரூபாய்க்கு ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுத்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். பிரிட்டன் இதற்கு நேர் எதிர். சுற்றுலா விசா விண்ணப்பத்தோடு ஹோட்டல் புக்கிங், விமான புக்கிங் எதையும் அனுப்ப வேண்டாம் என்று அவர்கள் வழிகாட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அங்கே வேறு விமானம் மாறி இன்னொரு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

சென்னையில் அதிகம் பேர் கேட்பது அமெரிக்கா பற்றித்தான், அதுவும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்காக. பி1/பி2 என்கிற விசிட்டர் விசாவில் போகிறவருக்கு ரிட்டர்ன் டிக்கெட் கட்டாயம் என்று சட்டம் இல்லை. அந்தக் கட்டாயம் விசா இல்லாமல் போக அனுமதி பெற்ற நாட்டுக்காரர்களுக்கு உண்டு, அந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது. ஆனாலும் திரும்பும் டிக்கெட் எடுத்தே அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். பதினெட்டு இருபது மணி நேரம் பயணம் செய்து களைத்துப்போய் வரிசையில் நிற்கும் அம்மாவிடம் அதிகாரி "எப்போது திரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், அவர் ஆங்கிலத்தில் தடுமாறி எதையாவது சொல்வதைவிடக் காகிதத்தை நீட்டுவது எவ்வளவோ மேல். விசா 10 வருஷத்துக்கு இருக்கலாம், ஆனால் அந்தத் தடவை எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்கிற பதிவுதான் சொல்லும். வழக்கமாக 6 மாதம் கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் அதை ஆன்லைனில் எடுத்துப் பார்த்து, டிக்கெட் தேதி அதற்குள் இருக்கிறதா என்று பிள்ளைகள் சரிபார்க்க வேண்டும்.

இந்த நாள் கணக்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். விசாவில் இருக்கும் கடைசித் தேதி ஒன்று, தங்க அனுமதிக்கும் நாட்கள் வேறு. ஷெங்கன் ஸ்டிக்கரில் இரண்டும் தனித்தனியாகவே அச்சாகியிருக்கும். 30 நாள் தங்கலாம் என்றால் 33ஆவது நாளுக்கு டிக்கெட் வைத்திருப்பது டிக்கெட்டே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் கூடுதலாகத் தங்கப்போகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விலை குறைவு என்று நான்கு நாள் தள்ளி எடுக்காதீர்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. மாணவர் விசா, வேலை அனுமதி, அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருப்பவர்கள் ஒரு வழி டிக்கெட்டில் போகலாம். சிங்கப்பூர் வேலைக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கடிதம் வந்திருந்தால் அதை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள், கவுண்டரில் ரிட்டர்ன் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.

இப்போது டம்மி டிக்கெட், அதாவது பயணம் செய்ய இல்லாமல் காட்டுவதற்கு மட்டும் வாங்கும் டிக்கெட். மண்ணடியிலும் எழும்பூரிலும் எந்த டிராவல்ஸில் போய்க் கேட்டாலும் சில நூறு ரூபாய்க்கு ஒன்று தருவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விமான நிறுவனத்தில் நிஜமாகவே இடம் பிடித்து வைத்த, ஆனால் பணம் கட்டாத முன்பதிவு. சில நாள் உயிரோடு இருக்கும், பிறகு தானாக ரத்தாகிவிடும். விசா விண்ணப்பத்துக்கு இதில் தப்பில்லை. இன்னொன்று, கம்ப்யூட்டரில் திருத்தி அடித்த காகிதம். அது மோசடி. மாட்டினால் விசா மறுப்பதோடு நிற்காது, பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் தொடரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்து, எண் கலந்த குறியீடு. அது முன்பதிவுக்கு மட்டும்தான். பணம் கட்டி டிக்கெட் அடித்தபின் 13 இலக்க எண் ஒன்று வரும், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும், ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. சில மலிவு விலை நிறுவனங்களில் மட்டும் பிஎன்ஆரோடு முடிந்துவிடும். ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தை நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டு நீங்களே பாருங்கள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அன்றும் ஒருமுறை பாருங்கள். திரும்பும் டிக்கெட் வேறு நிறுவனத்தில் இருந்தால் கவுண்டரில் இருப்பவரின் திரையில் அது தெரியாது, பிரிண்ட் கட்டாயம் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்த நாட்டு விதி. நம் நாட்டு விதி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை, அடிபடுவதும் முதல் தடவை விமானம் ஏறும் எளிய மக்கள்தான். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா அம்மா பெயர் இருக்கும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குடிபெயர்வுச் சோதனை தேவை என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது ஈ.சி.ஆர் பாஸ்போர்ட். நம்ம ஊரில் ஈ.சி.ஆர் என்றால் மகாபலிபுரம் போகும் ரோடுதான் ஞாபகம் வரும், இது வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான் கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி இவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. வேலைக்கு இல்லை, சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்றால் அந்த அனுமதி வேண்டாம், ஆனால் 2007 அக்டோபரிலிருந்து உள்ள விதிப்படி செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா, ரிட்டர்ன் டிக்கெட் மூன்றையும் இங்கே நம் இமிகிரேஷன் கவுண்டரிலேயே காட்ட வேண்டும். அதாவது துபாய்க்காரர் கேட்கிறாரோ இல்லையோ, சென்னையில் கேட்பார்கள்.

இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். விசிட் விசாவில் ஒரு வழி டிக்கெட் போட்டுக் கொடுத்து, போனதும் வேலை என்று சொல்லி அனுப்பி, அங்கே ஆளைத் தொலைக்கும் ஏஜெண்டுகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரில் அடைத்து வைத்ததைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே 2022இல் எச்சரிக்கை விட்டது. "ரிட்டர்ன் டிக்கெட் இமிகிரேஷனில் காட்டத்தான், அப்புறம் நான் கேன்சல் பண்ணிக்கிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாவது தேறியவர், வருமான வரி கட்டுபவர், 50 வயது தாண்டியவர் இவர்களுக்கு ஈ.சி.ஆர் தேவையில்லை. பழைய பாஸ்போர்ட்டில் அது இருந்தால், சான்றிதழோடு சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையம் ஒன்றில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து நீக்கிக்கொள்ளலாம்.

அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் இதே கதைதான். மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் இ-விசா எடுத்தால், திரும்பும் டிக்கெட்டோ அடுத்த பயண டிக்கெட்டோ இருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. பத்திரிகை அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டால், ஆவணக் குறைவு என்பதால் இழப்பீடு எதுவும் கிடைக்காது. ஆனால் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டானாலும் அதில் சேர்ந்திருக்கும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. நாம் கேட்காமல் அது தானாக வருவது அபூர்வம். வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், ஏஜெண்ட் வழியாக எடுத்திருந்தால் அவரையும் விடாதீர்கள்.