தழும்பு எங்கே இருக்கிறது?

குடியாத்தத்திலிருந்து என் அக்காவை இரண்டாவது பிரசவத்துக்கு வேலூர் அழைத்துப் போனபோது, டாக்டர் முதலில் கேட்டது பழைய சிசேரியனின் டிஸ்சார்ஜ் சீட்டைத்தான். அம்மா மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருக்க, "தழும்பு குறுக்காத்தான் மேடம் இருக்கு" என்றாள் அக்கா. "அது தோல்ல இருக்கறதும்மா. கர்ப்பப்பைல எப்படி வெட்டியிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார் டாக்டர்.

கர்ப்பப்பையின் மேல்பகுதி தடித்த தசை. வலி எடுக்கும்போது இறுகிச் சுருங்குவது அதுதான். கீழ்ப்பகுதி மெல்லியது, அவ்வளவாகச் சுருங்காது. அங்கே குறுக்காக வெட்டித் தைத்த தழும்பு பெரும்பாலும் அடுத்த பிரசவத்தைத் தாங்கும். வலி தானாக வந்தால், அது கிழிவது சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு. சுகப்பிரசவத்துக்கு முயலவே கூடாது. 1916இல் எட்வின் கிரேகின் என்ற அமெரிக்க மருத்துவர் "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்று எழுதியபோது வழக்கத்தில் இருந்தது அந்த நெடுக்கு வெட்டு. வெட்டு மாறி எத்தனையோ காலமாகியும் அந்த வாக்கியம் மட்டும் இன்னும் நம் வீடுகளில் நடமாடுகிறது.

ஒரே ஒரு சிசேரியன் ஆன, மற்றபடி தகுதியுள்ள பெண்கள் முயன்றால் நூற்றில் 70 பேருக்கு மேல் சுகப்பிரசவம் ஆகிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். அதனால் இது ஏராளமான வீடுகளின் கேள்வி.

சரி, தேதி தாண்டியும் வலி வரவில்லை என்றால்? மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் தழும்பு கிழியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. எதைக் கொடுத்து வரவழைக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். வலி தொடங்குமுன் கர்ப்பப்பை வாய் மூக்கு நுனி போல விறைப்பாக இருக்கும். உதடு போல மெத்தென்று ஆக வேண்டும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை அதைச் செய்யும்தான். ஆனால் வலி அளவு மீறினால், உள்ளே போன மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. தழும்புள்ள கர்ப்பப்பைக்கு நிறைமாதத்தில் அதைக் கொடுக்கக் கூடாது.

அக்காவுக்கு வைத்தது சிறுநீர் போக வைக்கிற அதே ரப்பர் டியூப். கர்ப்பப்பை வாய்க்கு உள்பக்கம் அதன் நுனி பலூனில் நீரை நிரப்பினார்கள். பலூன் வாயை அழுத்தி விரிக்கும். அந்த அழுத்தத்தில் உடம்பே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து வாயை இளக்கும். மறுநாள் விடியற்காலை டியூப் வழுக்கி விழுந்ததும் அக்கா பயந்துபோய்க் கூப்பிட்டாள். சிஸ்டர் சோதித்துப் பார்த்து, "ரெண்டு விரல் திறந்திருக்கு, இது நல்லதுதாம்மா" என்றார். அப்புறம்தான் வலியை வரவழைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து ட்ரிப், சொட்டு எண்ணி எண்ணி. ட்ரிப்பை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் சில நிமிடங்களில் வேகம் தணியும். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

அந்த நேரம் முழுக்க வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். தழும்பு விட்டுப்போனால் பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தத் துடிப்புதான். வலிக்கும் வலிக்கும் நடுவில் விடாமல் தழும்புப் பக்கம் வலிப்பது, வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றுபோவது, ரத்தப்போக்கு ஆகியவையும் அடையாளங்கள். அப்படி ஆனால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும். தியேட்டரும் ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே பீஞ்சமந்தை போன்ற ஜவ்வாது மலை ஊர்க்காரர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்வேன். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், தேதிக்குச் சில நாள் முன்பே கீழே இறங்கி, ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். வலி வந்த பிறகு வண்டி பிடித்து இறங்கிக்கொள்ளலாம் என்பது இந்தப் பிரசவத்துக்கு ஆகாது.